கம்பங்கூழும் அதன் புளிப்பும்

கம்பங்கூழ் என்பது கம்பு என்னும் சிறுதானியத்தை இடித்துக் காய்ச்சி, ஓரிரவோ இரண்டு இரவுகளோ புளிக்க வைத்து, பின்னர் நீரும் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கும் உணவு ஆகும். தமிழ்நாட்டின் மானாவாரி மாவட்டங்கள் பலவற்றில் இது பழக்கத்தில் உள்ளது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் பங்குனி முதல் ஆடி வரையான வெயில் காலத்தில் வீடுகளிலும் சாலையோரத் தள்ளுவண்டிகளிலும் இது மிகுதியாகக் குடிக்கப்படுகிறது. பேச்சு வழக்கில் 'கம்மங்கூழு' என்பர்.

உலகில் தானியம் விளையும் நாடுகள் பலவற்றில் வெயில் காலத்துக்கென்று ஒரு நொதித்த தானியப் பானம் உண்டு. பெல்ஜியத்தில் கோதுமை பீர், பவேரியாவில் ரை என்னும் தானியத்தில் வடிக்கும் பீர், உருசியாவில் ரை ரொட்டியை ஊறவைத்துச் செய்யும் குவாசு ஆகியவை அவற்றுள் சில. கம்பங்கூழும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் இது மது அன்று. இதன் சுவைக்கு அடிப்படை புளிப்பு. அந்தப் புளிப்பு எங்கிருந்து வருகிறது, நல்ல புளிப்பை எப்படி அறிவது, அது ஏன் குறைந்து வருகிறது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

நிலமும் தானியமும்

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டும் முன்பு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகளாக இருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001இல் பிரிக்கப்பட்ட அரியலூர் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமானது. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் என்பவை இவ்வட்டாரத்தின் எல்லைகளை ஒட்டி அமைந்துள்ளன. கொள்ளிடக் கரையை ஒட்டிய பகுதிகளில் நெல் விளைகிறது. உட்பகுதியில் கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரி நிலமே மிகுதி.

கம்பு இத்தகைய நிலத்துக்கு ஏற்ற பயிர். இதன் தாயகம் ஆப்பிரிக்காவின் சகாராவுக்குத் தெற்கே உள்ள வறண்ட பகுதி. இது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்தியாவுக்கு வந்து சேர்ந்துவிட்டது. குறைந்த மழையிலும் கடும் வெப்பத்திலும் தாக்குப்பிடித்து, சுமார் மூன்று மாதங்களில் கதிர் முற்றிவிடும். கோதுமை தமிழ்நாட்டில் பெரிய அளவில் விளைவதில்லை. ரை தமிழகத்துப் பயிரே அன்று. ஐரோப்பாவின் குளிர்ந்த, வளம் குறைந்த மண்ணில் ரை என்ன வேலை செய்ததோ அதே வேலையை இங்கே வறண்ட மண்ணில் கம்பு செய்தது. கோதுமை விளையாத இடத்தில் அங்கே ரை ரொட்டியும் ரை பானமும் பிறந்தன. நெல் விளையாத இடத்தில் இங்கே கம்பஞ்சோறும் கம்பங்கூழும் பிறந்தன.

கம்பு அரிசியில் கொழுப்பு மற்ற தானியங்களைவிடச் சற்று மிகுதி, ஏறத்தாழ 5 விழுக்காடு. இதனால் கம்பு மாவை அரைத்துப் பல நாள் வைத்தால் காற்றுப் பட்டுக் காறல் ஏறிவிடும். அந்தந்த வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள்ளும் பழைய வழக்கத்துக்குப் பின்னால் இந்தக் காரணம் இருக்கிறது. பாக்கெட் மாவில் காய்ச்சிய கூழ் சில வேளைகளில் தொண்டையில் கரகரப்பதும் இதனால்தான்.

செய்முறை

கம்பங்கூழ் காய்ச்சுவதில் இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன.

முதல் முறையில் கம்பின் மீது சிறிது நீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டு இடித்து, முறத்தில் புடைத்து உமியையும் மேல்தோலையும் நீக்குவர். பின்னர் அதனைக் கரகரப்பாக உடைத்துக்கொள்வர். இன்று பெரும்பாலும் மாவரைக்கும் ஆலையிலோ மிக்சியிலோ இது நடக்கிறது. கொதிக்கும் உலையில் உடைத்த கம்பைக் கொட்டி, துடுப்பால் விடாமல் கிளறிக் கெட்டியாக வேக வைப்பர். ஆறிய பிறகு அதை உருண்டைகளாகப் பிடித்து, மண்பானையில் நீர் ஊற்றி அதில் போட்டு மூடி வைப்பர். மறுநாள் காலையில் உருண்டை நன்கு ஊறிப் புளித்திருக்கும். உருண்டை கிடந்த நீரும் புளித்திருக்கும். அந்த நீருடன் உருண்டையைக் கையால் கரைத்து, மோரும் உப்பும் சேர்த்துக் குடிப்பர்.

இரண்டாம் முறையில் புளிக்க வைத்தல் இரண்டு தடவை நடக்கிறது. கம்பு மாவை நீரில் கரைத்து ஓரிரவு வைப்பர். மறுநாள் அரிசி நொய்யை வேக வைத்து, அதில் புளித்த மாவுக் கரைசலை ஊற்றிக் கிண்டிக் காய்ச்சுவர். இதை ஆற வைத்து மேலும் ஓரிரவு விட்டு, அதற்கு அடுத்த நாள் கரைத்துக் குடிப்பர். கேழ்வரகுக் கூழும் பெரும்பாலும் இம்முறையிலேயே காய்ச்சப்படுகிறது. இரண்டு இரவுகள் கடப்பதால் இதன் புளிப்பு ஆழமாக இருக்கும்.

இரு முறைகளிலும் கூழுக்குச் சுவை தருவது அடுப்பைவிடக் காத்திருக்கும் நேரமே. வெயில் காலத்தில் இரவின் வெப்பமே போதுமானதாக இருப்பதால் ஒரே இரவில் புளிப்பு ஏறிவிடும். மார்கழி, தை மாதக் குளிரில் அதே புளிப்புக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும்.

புளிப்பு உருவாகும் விதம்

கூழைப் புளிக்க வைப்பவை முதன்மையாக லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். இட்லி மாவிலும் தயிரிலும் வேலை செய்யும் பாக்டீரியாக்களின் உறவினங்கள் இவை. தானியத்தில் உள்ள சிறிதளவு சர்க்கரையை இவை உண்டு லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. சில இனங்கள் இதனுடன் சிறிதளவு கரியமில வாயுவையும் மிகச் சிறிதளவு ஆல்ககாலையும் வெளிவிடுகின்றன. நன்கு புளித்த கூழின் மேற்பரப்பில் சிறு குமிழிகள் தெரிவது இதனால்தான்.

மாவை நீரில் கரைத்து வைக்கும் கட்டத்தில் தானியத்தின் சொந்த நொதிகளும் வேலை செய்கின்றன. அவை மாவுச்சத்தின் ஒரு சிறு பகுதியைச் சர்க்கரையாக உடைத்து பாக்டீரியாவுக்கு உணவாக்குகின்றன. காய்ச்சும்போது நொதிகள் செயலிழந்து, பாக்டீரியாக்களும் பெரும்பாலும் மடிந்துவிடுகின்றன. ஆறிய பின் நடக்கும் இரண்டாவது புளிப்புக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் பானையிலிருந்தும், முந்தைய நாள் கூழின் மிச்சத்திலிருந்தும், கரைக்கும் கையிலிருந்தும், காற்றிலிருந்தும் வந்து சேர்கின்றன. பழகிய மண்பானையில் கூழ் விரைவில் புளிப்பதற்கும், புதுப்பானையில் முதல் சில நாட்கள் சுவை சரியாக அமையாமல் போவதற்கும் இதுவே காரணம். மண்பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருக்கும் கூழ் குளிர்ந்தும் இருக்கும்.

பீரும் கூழும்

கோதுமையும் ரையும் சேர்த்து மசாலாப் பொருள் இட்டு வடிக்கும் வெயில்கால பீரோடு கம்பங்கூழை ஒப்பிட்டால் இரண்டின் தன்மையும் தெளிவாக விளங்கும்.

பீர் வடிப்பவர் முதலில் வாற்கோதுமை போன்ற தானியத்தை முளைக்க வைக்கிறார். முளைக்கும் தானியத்தில் மாவுச்சத்தை உடைக்கும் நொதிகள் பெருகும். அவை ஏராளமான சர்க்கரையை உருவாக்கும். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஆல்ககாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். வழக்கமான கம்பங்கூழில் முளைக்க வைக்கும் கட்டம் இல்லை. எனவே மாவுச்சத்தின் பெரும்பகுதி மாவுச்சத்தாகவே தங்கிவிடுகிறது. பீர் வடித்தெடுத்த நீராகவும் கூழ் பசியாற்றும் உணவாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

முளைகட்டிய கம்போ கேழ்வரகோ பீராக மாறக்கூடியவையே. இமயமலைப் பகுதியில் நேபாளம், சிக்கிம் ஆகிய இடங்களில் கேழ்வரகை வேக வைத்து, பூஞ்சையும் ஈஸ்டும் அடங்கிய அடையைச் சேர்த்து மதுபானம் ஆக்குகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவில் முளைகட்டிய சோளத்திலிருந்து 'தோலோ' என்னும் பீர் வடிக்கப்படுகிறது. தமிழிலும் இதற்குப் பழைய சான்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் களியை அகன்ற பாத்திரத்தில் ஆற்றி, முளைநெல்லால் ஆன அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து விளைவிக்கும் மதுவைக் குறிப்பிடுகிறது. இன்றைய அறிவியல் கண்கொண்டு பார்த்தால் அது அரிசி பீர். களியாகக் காய்ச்சுதல், ஆற வைத்தல், இரவு கணக்கில் காத்திருத்தல் ஆகிய படிகள் கூழுக்கும் அதற்கும் பொதுவானவை. வேறுபடுவது முளைநெல் அடை மட்டுமே.

வாயில் உணரும் தன்மையிலும் ஒற்றுமை வேற்றுமைகள் உண்டு. கோதுமையின் புரதம் பீருக்கு மங்கலான வெண்மையும் நிலைத்த நுரையும் தருகிறது. ரையில் உள்ள பசைத்தன்மை கொண்ட நார்ப்பொருள் பீரை வழவழப்பாக்குகிறது. கம்பில் குளூட்டன் என்னும் புரதம் இல்லை. அதன் கொழகொழப்பு வெந்த மாவுச்சத்திலிருந்து வருகிறது. பீரின் இனிப்பைச் சமன்செய்வது ஹாப் என்னும் கொடிப்பூவின் கசப்பு. கூழின் மாவுச் சுவையைச் சமன்செய்வது புளிப்பும் உப்பும்.

மசாலா சேரும் இடமும் வேறு. பெல்ஜியத்தின் வெள்ளை பீரில் கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் காய்ச்சும்போதே சேர்க்கப்படுகின்றன. எனவே முதல் மிடறும் கடைசி மிடறும் ஒரே சுவை. கூழில் காரமும் மணமும் பெரும்பாலும் பாத்திரத்துக்கு வெளியே, குடிப்பவரின் கையில் இருக்கின்றன. ஒரு மிடறுக்கு வெங்காயம், அடுத்த மிடறுக்கு மோர்மிளகாய் என்று சுவையைக் குடிப்பவரே அமைத்துக்கொள்கிறார்.

சுவைத்தறியும் முறை

பீர், தேநீர், காப்பி ஆகியவற்றைச் சுவைத்து மதிப்பிடுவதற்கு முறைகள் வகுக்கப்பட்டுள்ளன. கூழுக்கு அப்படி எழுதிவைத்த முறை இல்லை. ஆனாலும் கூழ் காய்ச்சிப் பழகியவர்கள் கண்ணாலும் மூக்காலும் நாக்காலும் அதன் தரத்தை அறிகின்றனர். அந்தப் பழக்கத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

நிறம்: கம்பங்கூழ் இளம்பச்சை சாயல் கொண்ட சாம்பல் நிறத்தில் இருக்கும். நிறம் முற்றிலும் வெளுத்திருந்தால் அரிசி நொய்யோ மோரோ அதிகம் எனக் கொள்ளலாம். செம்பழுப்பு நிறம் இருந்தால் கேழ்வரகு கலந்திருக்கிறது.

மணம்: நல்ல கூழில் தயிரின் மணமும், நீராகாரத்தின் மணமும், அடியில் வறுத்த தானியம் போன்ற ஒரு மணமும் வரும். பழைய எண்ணெய் போன்ற சிக்கு வாடை வந்தால் மாவு பழையது. அழுகல் வாடையோ, மூக்கைக் குத்தும் நெடியோ வந்தால் வேண்டாத நுண்ணுயிர்கள் பெருகிவிட்டன என்று பொருள். அதைக் குடிக்கக் கூடாது.

பதம்: கூழை வாயில் வைத்தவுடன் மாவாகக் கரையும் பகுதியும், பல்லில் மெல்லத் தட்டுப்படும் உடைத்த கம்பும் தனித்தனியே தெரிய வேண்டும். நன்கு ஊறிய கம்பு மெத்தென்று நசுங்கும். ஊறாத கம்பு உள்ளே கடினமாக இருக்கும்.

புளிப்பு: நல்ல புளிப்பு நாக்கின் இருபுறமும் மெதுவாக எழுந்து, உமிழ்நீரை ஊறச் செய்து, விழுங்கியதும் அடங்கிவிடும். எலுமிச்சை போல உடனே வெட்டாது. புளிப்பு அளவு மீறினால் பல் கூசும்.

பின்சுவை: விழுங்கிய பின் மெல்லிய இனிப்பும் தானிய மணமும் வாயில் தங்கும். காறலோ கசப்போ தங்கினால் மாவில் குறை.

குளிர்ச்சி: மண்பானையின் குளிர்ச்சியே கூழுக்குப் பொருத்தமானது. பனிக்கட்டி இட்டால் நாக்கு மரத்து, புளிப்பும் மணமும் மங்கிவிடும். கூழில் உள்ள குறையையும் அது மறைத்துவிடும்.

புளித்த கூழையும் மோர்க் கூழையும் வேறுபடுத்துதல்

புளிக்க வைக்காத கம்பு மாவை அன்றே காய்ச்சி ஆற்றி, புளித்த மோரை ஊற்றிக் கொடுக்கும் வழக்கமும் இன்று உண்டு. குடிப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டை அறிய ஓர் எளிய வழி, மோர் சேர்ப்பதற்கு முன்பு ஒரு கரண்டி கூழை உப்பில்லாமல் வாயில் இட்டுப் பார்ப்பது. புளித்த கூழ் தானே புளிக்கும். ஏற்கெனவே கரைத்துவிட்டிருந்தால், அடியில் தங்கிய கம்பை மட்டும் எடுத்து மெல்ல வேண்டும். கம்புக்குள்ளும் புளிப்பு இறங்கியிருந்தால் அது இரவில் புளித்தது. நீர் புளித்து, கம்பு சப்பென்று இருந்தால் புளிப்பு மோரிலிருந்து வந்தது.

மோர்க் கூழ் தவறான உணவு அன்று. அதுவும் தாகம் தீர்க்கும். ஆனால் தானியத்தை ஓரிரவு புளிக்க வைப்பதால் கிடைக்கும் மணமும் ஊட்டப் பயனும் அதில் இல்லை.

தொட்டுக்கொள்பவை

கூழுக்கு முதல் துணை சின்ன வெங்காயம். பெரம்பலூர் மாவட்டம் தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் அதிகம் விளையும் பகுதிகளுள் ஒன்று. தோலுரித்த வெங்காயத்தைக் கடித்தவுடன் எழும் காரம் கூழின் மாவுத்தன்மையை அறுத்து, அடுத்த மிடறுக்கு நாக்கைத் தயார் செய்கிறது. மோர்மிளகாய், கொத்தவரை வற்றல், சுண்டைக்காய் வற்றல், உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று, பச்சை மிளகாய், துவையல், சுட்ட கருவாடு ஆகியவையும் தொட்டுக்கொள்ளப்படுகின்றன. தள்ளுவண்டிகளில் இவை சிறு கிண்ணங்களில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும். மோரில் சீரகம், பெருங்காயம், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லித்தழை சேர்ப்போரும் உண்டு.

கூழின் தரத்தை அறிய விரும்புவோர் முதல் இரண்டு மிடறுகளைத் தொடுகறி இல்லாமல் குடிப்பது நல்லது. வெங்காயமும் மிளகாயும் நாக்கில் பட்ட பிறகு நுட்பமான வேறுபாடுகள் தெரியா.

நீரும் தூய்மையும்

அரியலூர் வட்டாரத்தில் சுண்ணாம்புக்கல் படிவு மிகுதி. அங்கே சிமெண்ட் ஆலைகள் பெருகியதும் அதனால்தான். சுண்ணாம்புப் பாறை உள்ள இடங்களில் நிலத்தடி நீர் பொதுவாகக் கடின நீராக இருக்கும். அத்தகைய நீரில் கரைந்துள்ள பைகார்பனேட்டு உப்புகள் அமிலத்தின் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்கின்றன. ஆகவே ஒரே மாவு, ஒரே பானை, ஒரே இரவு என்றாலும் கடின நீரில் கரைத்த கூழ் சற்றுப் புளிப்புக் குறைந்து தோன்றலாம். பீர் வடிப்பவர்கள் ஒவ்வோர் ஊரின் நீரையும் கணக்கில் கொள்வதும் இதே காரணத்தால்தான்.

புளித்த கூழின் அமிலத்தன்மை நோய் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பலவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆனால் குடிக்கும் நேரத்தில் சேர்க்கும் நீர், மோர், பனிக்கட்டி ஆகியவற்றில் மாசு இருந்தால் அதைத் தடுக்கக் கூழின் புளிப்பு போதாது. கரைக்கும் கை, கழுவும் சொம்பு, பானையின் மூடி ஆகியவற்றின் தூய்மையும் முக்கியம். கொதித்து ஆறிய நீரைப் பயன்படுத்துவதும், பானையை மூடி வைப்பதும், கரைத்த கூழை அன்றே குடித்து முடிப்பதும் பாதுகாப்பான வழக்கங்கள். கூழானாலும் குளித்துக் குடி என்னும் பழமொழி குடிப்பவருக்குச் சொல்லும் தூய்மை, கூழ் விற்பவருக்கும் பொருந்தும்.

உடல்நலம்

வெயிலில் வேலை செய்பவரின் உடல் வியர்வை வழியாக நீரையும் உப்பையும் இழக்கிறது. கூழ் நீர், உப்பு, மாவுச்சத்து ஆகிய மூன்றையும் ஒரே சொம்பில் தருகிறது. களை எடுப்போரும் பருத்தி பறிப்போரும் காலையில் கூழ் குடித்துவிட்டு நடுப்பகல் வரை தாக்குப்பிடிப்பதன் பொருள் இதுவே. புளிப்பு உமிழ்நீரைத் தூண்டுவதால் வாய் வறட்சியும் தணிகிறது.

100 கிராம் கம்பில் ஏறத்தாழ 11 கிராம் புரதமும் 6 மில்லிகிராம் அளவில் இரும்பும் உள்ளன. ஆனால் தானியத்தில் உள்ள பைட்டிக் அமிலம் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்து வைத்துக்கொள்வதால் உடல் அவற்றை முழுமையாக எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மாவைப் புளிக்க வைக்கும்போது பைட்டிக் அமிலத்தின் ஒரு பகுதி சிதைகிறது. அதனால் அந்தச் சத்துகள் உடலுக்குக் கூடுதலாகக் கிடைக்கின்றன. கோதுமை, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கும் கம்பு ஏற்றது.

கூழில் மாவுச்சத்து மிகுதி என்பதால் நீரிழிவு உள்ளவர்கள் அளவோடு குடிக்க வேண்டும். உப்பு, வற்றல், கருவாடு ஆகியவை சேர்வதால் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

வழக்கில் ஏற்பட்ட மாற்றம்

கூழ் நீண்ட காலம் ஏழ்மையின் அடையாளமாகக் கருதப்பட்டது. நெல்லுச்சோறு விருந்தாளிக்கும் பண்டிகைக்கும், கூழ் அன்றாட வயிற்றுக்கும் என்ற பாகுபாடு மானாவாரி ஊர்களில் இருந்தது. 'கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை' போன்ற பழமொழிகள் கூழ் எவ்வளவு இயல்பான உணவாக இருந்தது என்பதைக் காட்டுகின்றன. பொது விநியோகக் கடைகளில் அரிசி மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் கூழ் அன்றாட உணவு என்னும் இடத்தை இழந்தது. 2011 முதல் தமிழ்நாட்டில் நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. பசியைப் போக்கிய இந்த மாற்றம் பெரிய நன்மை. அதே நேரத்தில், கூழ் காய்ச்சுவதற்கான தேவை வீடுகளில் குறைந்தது.

வயலிலும் மாற்றம் நிகழ்ந்தது. இன்று பெரம்பலூர் மாவட்ட மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் முதன்மைப் பயிர்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் வேப்பந்தட்டையில் உள்ளது. மக்காச்சோளத்துக்குக் கோழித் தீவன ஆலைகள் நிலையான சந்தையாக உள்ளன. கம்புக் கதிர் திறந்தே இருப்பதால் குருவி, கிளி முதலிய பறவைகளிடமிருந்து காக்க ஆள் வேண்டும். சுற்றிலும் எல்லோரும் கம்பு விதைத்திருந்தபோது பறவைகள் கொத்தும் இழப்பு பரவலாகப் பங்கிடப்பட்டது. ஒருவர் மட்டும் விதைத்தால் பறவைகள் அனைத்தும் அவர் வயலுக்கே வரும். இதனால் கம்பைக் கைவிடுவது ஒருவரிலிருந்து ஒருவருக்குப் பரவியது.

கம்பை இடித்துப் புடைக்கும் வேலை பெரும்பாலும் பெண்கள் மீது விழுந்த கடும் உழைப்பு. அந்த உழைப்பிலிருந்து விடுபட்டதை இழப்பாகக் கருத முடியாது. ஆலை அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் எந்த ஆலையும் செய்ய முடியாத ஒரு வேலை புளிக்க வைத்தல். அதற்கு உழைப்பு தேவையில்லை, முந்தைய நாளே நினைவு வைத்துத் தொடங்க வேண்டும். கூழ் வீட்டிலிருந்து சாலையோரத்துக்கு நகர்ந்தபோது முதலில் குறைந்தது இந்த ஓர் இரவுதான்.

இன்றைய நிலை

இந்திய அரசு 2018ஆம் ஆண்டைத் தேசியச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐப் பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாகக் கடைப்பிடித்தது. இவற்றின் பின் கம்பு, கேழ்வரகு, வரகு ஆகியவற்றுக்கு நகரங்களில் மதிப்புக் கூடியது. பிஸ்கட், அவல், சேமியா எனக் கம்பு புதிய வடிவங்களில் விற்பனையாகிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் வழக்கம் தொடர்கிறது. திருச்சி – சென்னை நெடுஞ்சாலையிலும் ஊர்ச் சந்திப்புகளிலும் வெயில் காலத்தில் கூழ் வண்டிகள் நிற்கின்றன. அதாவது, தானியம் மறையவில்லை, பெயரும் மறையவில்லை. குறைந்து வருவது புளிப்பின் பழக்கம்.

இத்தகைய இழப்பை மீட்க முடியும் என்பதற்குப் பெல்ஜியத்தின் வெள்ளை பீர் ஒரு சான்று. ஹோகார்டன் என்னும் சிற்றூரில் நெடுங்காலம் வடிக்கப்பட்டு வந்த அந்தக் கோதுமை பீர் 1950களில் முற்றிலும் நின்றுபோனது. ஊரின் கடைசி வடிசாலையில் இளமையில் கைவேலைக்கு உதவியிருந்த பியர் செலிஸ் என்னும் பால்காரர் 1960களில் அதை மீண்டும் வடிக்கத் தொடங்கினார். இன்று அந்த வகை பீர் பல நாடுகளில் வடிக்கப்படுகிறது. அந்தச் சுவை எப்படி இருக்க வேண்டும் என்று நினைவில் வைத்திருந்த ஒருவர் இருந்ததால்தான் மீட்பு கைகூடியது.

பெரம்பலூர், அரியலூர் ஊர்களில் கூழின் சரியான புளிப்பை அறிந்த பெரியவர்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றனர். எவ்வளவு நேரம் ஊற வேண்டும், எந்த மணம் வந்தால் போதும், எந்த மணம் வந்தால் கொட்டிவிட வேண்டும் என்பவை எந்தப் பொட்டலத்தின் மீதும் அச்சிடப்படாத அறிவு. அதைக் கற்க விரும்பும் மாணவர்களுக்குத் தேவையானவை குறைவு: ஒரு கிலோ கம்பு, ஒரு மண்பானை, காய்ச்சத் தெரிந்த ஒருவர், ஓர் இரவு. மறுநாள் காலையில் மோர் ஊற்றுவதற்கு முன்பு எடுத்துச் சுவைக்கும் முதல் கரண்டியே பாடம்.